டாங்கியில் நாலு விரல் இடைவெளி

இதனால் உள்ளூர், வெளியூர் சகலருக்கும் பணிவுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மரக்கன்றுப் பண்ணையின் வரலாற்றை இரண்டாகப் பிளக்கும் மாபெரும் சம்பவம் சென்ற திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு நிகழ்ந்தேவிட்டது. சிங்கம் படுத்துவிட்டது. மறுபடி எழுந்திருக்கும் உத்தேசம் அதற்கு இல்லை.

சிங்கம் என்பது முதலாளி வைத்த பெயர். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் கவிழ்த்துக் கொட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி, கதவு கிடையாது, பல் பல்லாக வெட்டிய நாலு தடி டயர். பாதையே இல்லாத மேட்டில் கன்றுகளை ஏற்றிப் போவதற்கென்று வாங்கிய புத்தம் புது வண்டி. குழிக்குக் குழி தாவித் தாவிப் போனதால் வேலையாட்கள் அதைத் தவளை என்றார்கள். முதலாளி காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும்.

வண்டி வந்து இறங்கிய அன்று முதலாளி முக்கால் மணி நேரம் பொறுமையின் பெருமை பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் பொறுமை இல்லாமல் பெட்ரோல் கேனைத் தானே பிடுங்கி டாங்கியில் ஊற்ற ஆரம்பித்தார். “நாலு விரல் இடம் விடுங்க சார், வெயில்ல பெட்ரோல் பொங்கும், வழிஞ்சு சூட்டு எஞ்சின் மேல விழும்” என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தாள். “சிங்கத்துக்கு அரை வயிறா?” என்று கேட்டுவிட்டு அவர் கழுத்து வரை ஊற்றினார். மிச்சம் அவருடைய வெள்ளை ஷூவில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததற்கா, ஷூவுக்கா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அந்த மெக்கானிக்தான் இப்போது குற்றவாளி.

புது எஞ்சினை முதல் இருபத்தைந்து மணி நேரம் பழக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்கக் கூடாது. தொட்டியில் பாதிப் பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மணிக்கொரு தரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். உள்ளே இருக்கும் இரும்பும் இரும்பும் உரசிப் பழகிப் பதத்துக்கு வருகிற காலம் அது. அதற்குள் அவசரப்பட்டால் பிஸ்டன் போய் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அப்புறம் யார் சொன்னாலும் விடாது. மெக்கானிக் இதைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள். வேறு யாரையும் ஓட்ட விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டில் பதினேழு மணி நேரம் என்று குறித்தாள். திங்கட்கிழமை காலை வண்டி அவள் கையிலேயே பட்டறை வாசலில் உயிரை விட்டது. அப்போது வண்டியின் மணி மீட்டர் இருபத்தொன்று காட்டியது.

நாலு மணி நேரம் அதிகம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும்; பட்டறைப் பூட்டுக்கு இருப்பது ஒரே சாவி. அது அவளிடம்.

“கணக்குத் தெளிவா இருக்கு” என்றார் முதலாளி. வேலையை விட்டுப் போகச் சொன்னார். வேலையோடு சேர்ந்ததுதான் பண்ணைக்குள்ளேயே இருந்த இரண்டு அறை வீடும். அதைவிடப் பெரிது பெயர். புது எஞ்சினைப் பழக்கத் தெரியாமல் கொன்றவள் என்று சொல் பரவினால், எந்தப் பட்டறையில் அவள் கையில் ஸ்பானர் கொடுப்பார்கள்? பதினான்கு வருட வேலை ஒரு காலைக்குள் கரியாகப் போய்விடும்.

அவளைக் காப்பாற்றியது நியாயம் இல்லை, முதலாளியின் அக்கா. பண்ணையில் பாதிப் பங்குக்காரர்; வேறு ஊரில் இருக்கிறார்; தம்பியின் வாயை ஐம்பது வருடமாக அறிந்தவர். “நான் அனுப்பற ஆள் வந்து விசாரிக்கற வரைக்கும் யாரும் எங்கயும் போகக் கூடாது” என்று போனில் சொல்லிவிட்டார். அந்த ஆள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். கூடவே இன்னொருவர்.

துப்பறிவாளர் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். உதவியாளர் அவருடைய மனைவியின் தம்பி: நாற்பது வயது, வழுக்கை, குள்ளம், அத்தான் மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் தாராளமாகச் செலவழிப்பவர்.

மெக்கானிக் பட்டறைக் கதவைத் திறந்தாள். மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த வண்டி இருட்டில் உட்கார்ந்திருந்தது.

“சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?” என்றார் துப்பறிவாளர்.

“இல்லைங்க. என்கிட்ட மட்டும்தான்.”

“எங்க வைப்பீங்க?”

“வீட்ல. சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஆணியில.”

“அப்போ வீட்லன்னு சொல்லுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

“அப்படித்தாங்க நானும் நெனச்சேன்” என்றார் மச்சினன். “என் குடை என்கிட்ட இருக்குன்னு. பார்த்தா ஆறு மாசமா அத்தான் பிடிச்சுக்கிட்டு நடக்கறாரு.”

துப்பறிவாளர் கையிலிருந்த குடையை ஒருமுறை பார்த்துவிட்டு, “மச்சான், வண்டியில ஏறி உட்காரு” என்றார்.

மச்சினன் ஏறி உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“சந்தேகப்படும்படியா ஒரு ஆசாமி தெரியறான் அத்தான். வழுக்கை. திருட்டு முழி.”

“அது நீ.”

“அதைத்தான் சொல்றேன். பின்னாடி இருக்கற சுவர்தானே தெரியணும்? இதுல என் மூஞ்சிதான் முழுசா தெரியுது. நெத்தியில ஆரம்பிச்சு தாடை வரைக்கும், போட்டோ பிடிச்ச மாதிரி.”

துப்பறிவாளர் அவரை இறக்கிவிட்டு மெக்கானிக்கை ஏறச் சொன்னார். அவள் நல்ல உயரம். கண்ணாடியில் அவளுடைய கழுத்து மட்டும் தெரிந்தது. துப்பறிவாளர் ஏறினார். அவருக்குத் தெரிந்தது தன் சட்டையின் இரண்டாவது பொத்தான்.

“சனிக்கிழமை நீங்க இறங்கறப்போ இப்படியா இருந்துச்சு?”

“இல்ல சார். பின்னாடி பாதை பளிச்சுன்னு தெரியும். அப்படித்தான் வெச்சிருப்பேன்.”

“திங்கட்கிழமை கவனிக்கலையா?”

“ஏறினதும் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் அப்படியே விடுவேன், சூடாகட்டும்னு. கண்ணாடி பார்க்கறதெல்லாம் கிளம்பறப்போதான். கிளம்பி வாசலைத் தாண்டறதுக்குள்ள கறக் கறக்னு சத்தம். அவ்வளவுதான், நின்னுடுச்சு.” அவள் ஆயில் அளவுக் கம்பியை உருவிக் காட்டினாள். “இதைப் பாருங்க. சனிக்கிழமை தேன் மாதிரி இருந்தது. இப்போ தார். மோந்து பாருங்க, கருகல் வாசனை. என் கையில செத்தது நெஜம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே சாகடிச்சுட்டாங்க.”

மச்சினன் பின்னால் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் நீளமாக இரண்டு கீறல். மூலையில் வெள்ளையாகக் கல் மாவு. “கன்னுக்குட்டிக்குத்தான் பவுடர் போடுவாங்கன்னு நெனச்சேன். மரக்கன்னுக்குமா?”

“கன்னு ஏத்தினா மண்ணுதாங்க விழும்” என்றாள் அவள். “இது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியாது.”

“இது பின்னாடி வர்றதைப் பார்க்கத் திருப்பின கண்ணாடி இல்ல” என்றார் துப்பறிவாளர் மெதுவாக. “ஓட்டிக்கிட்டே தன்னைத்தானே பார்த்துக்கத் திருப்பினது.”

“என் உயரம். தன் மூஞ்சி மேல தாங்க முடியாத பாசம்” என்றார் மச்சினன். “அக்கா, உங்க பண்ணையில அப்படி யாராவது இருக்காங்களா?”

மெக்கானிக் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பண்ணை ஆபீசில் ஆறு போட்டோ மாட்டியிருந்தது. ஆறும் முதலாளி. ஒன்றில் சிரிக்கிறார், ஒன்றில் சிந்திக்கிறார், மற்ற நாலில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்கிறார். அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அதை வாய்விட்டுச் சொன்னால் வேலை போகும். வேலைதான் எப்படியும் போகப் போகிறதே என்ற நினைப்பு வந்து, மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது. ஓட்டியவர் முதலாளி. தான் இல்லை. இதை நிரூபிக்க ஒரு கண்ணாடி போதும்.

“டாங்கியைத் திறங்க.”

மூடியைத் திறந்தாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். கழுத்துக்குக் கீழே சரியாக நாலு விரல் இடைவெளி.

“திங்கட்கிழமை ஓடினது அஞ்சு நிமிஷம். அப்போ ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பெட்ரோல் குறையல” என்றார் துப்பறிவாளர். “நீங்க சனிக்கிழமை எவ்வளவு விட்டீங்க?”

“இதே நாலு விரல். அதனாலதான் சார் எனக்குச் சந்தேகமே வரல. திங்கட்கிழமை காலையில திறந்து பார்த்தேன், வெச்சது வெச்ச மாதிரி இருந்தது.”

“நாலு மணி நேரம் ஓடியிருக்கு. என்னத்தைக் குடிச்சுது, காத்தையா?”

“யாரோ திரும்ப ஊத்தியிருக்காங்க” என்றார் மச்சினன். “அதுவும் அளந்து ஊத்தியிருக்காங்க. நம்ம கண்ணாடி ஆசாமி ஊத்தியிருந்தா?”

“வழிய வழிய ஊத்தியிருப்பார்” என்று அவள் வாய் முந்திக்கொண்டது. “அவருக்கு...” என்று நிறுத்தினாள்.

மச்சினன் கேட்காதது போல் மேலே பார்த்தார். “ஓட்டினவன் பேய், ஊத்தினவன் சாமி. ஒரே ஆளுக்கு ரெண்டு கை இருக்கலாம் அத்தான். ரெண்டு புத்தியா இருக்கும்?”

“இல்ல” என்றார் துப்பறிவாளர். “ஆள் ரெண்டு பேர். பெட்ரோல் எங்க ஊத்துவீங்க?”

பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில் பெட்ரோல் பீப்பாயும் கைப்பம்பும் இருந்தன. சுற்றிலும் மண் தரை. சனிக்கிழமை மாலை அவள் பெட்ரோல் ஊற்றி முடித்த பிறகு ஒரு மழை பெய்தது, அதற்கப்புறம் வெயில்தான். ஈர மண்ணில் பதிந்ததெல்லாம் சுட்ட ஓடு மாதிரி அப்படியே காய்ந்து நின்றது. சதுரமாக ஒரு பள்ளம்: கேன் வைத்த இடம். பக்கத்தில் பெரிய பூட்ஸ் தடம் இரண்டு. இன்னும் கொஞ்சம் தள்ளி வட்டமாக ஒரு பள்ளம்.

“கேனைத் தரையில ஏன் வைக்கணும்? வண்டித் தொட்டியிலயே வெச்சு நிரப்பிக்கலாமே, இடுப்பு மிச்சம்” என்றார் மச்சினன்.

“கூடாதுங்க. பிளாஸ்டிக் மேல வெச்சு நிரப்பினா உரசல்ல கரண்ட் சேர்ந்து பொறி பறக்கும். கேன் தரையிலதான் இருக்கணும். எஞ்சினை நிறுத்தி ஆற விட்டுட்டு, இரும்பைத் தொட்டுட்டுத்தான் மூடியைத் திறக்கணும்.”

“இந்த வட்டம்?”

“மணல் வாளி. தீப்பிடிச்சா போட.”

“வீட்ல அடுப்பு பத்த வைக்கறப்போ எங்க அக்கா இவ்வளவு யோசிக்கறதில்ல” என்றார் மச்சினன் பயபக்தியுடன். “அதான் அத்தான் ஒல்லியா இருக்காரு.”

“மச்சான், நீ ஊத்து. காலி கேன் எடுத்துக்கோ, அந்த வாளியையும்.”

மச்சினன் நாடகக்காரர் தோரணையில் நடந்து வந்தார். கேனைத் தரையில் வைத்தார். மணல் வாளியைத் தன் வலது கைப் பக்கம் வைத்தார். துப்பறிவாளர் காய்ந்த தடத்தைக் குடைநுனியால் தொட்டார். பூட்ஸ் தடத்துக்கு இடது பக்கம் இருந்தது வாளியின் வட்டம்.

“எனக்கு இடது கைப் பழக்கம் சார்” என்றாள் மெக்கானிக். “நான் எப்பவும் இடது பக்கம்தான்...” சொல்லும்போதே அது தனக்கு எதிரான சாட்சி என்று உறைத்தது.

“உங்க கால் இந்தத் தடத்துல பாதிதான் இருக்கு. இது நீங்க இல்ல.” துப்பறிவாளர் குனிந்தபடியே பேசினார். “பூட்ஸோட முனை டாங்கிப் பக்கம் திரும்பியிருக்கு, வலது கால் முன்னாடி அழுந்தியிருக்கு. வலது கையால கேனைத் தூக்கினவன். வலது கைக்காரன் வாளியை இடது பக்கம் வைக்க மாட்டான், எதுக்கு வைக்கறோம்னு யோசிச்சா. யோசிக்காம, சொல்லிக் குடுத்தவங்க எப்படி வெச்சாங்களோ அப்படியே வைக்கறவன்தான் இப்படி வைப்பான்.” நிமிர்ந்தார். “இதை யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”

சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரே ஒருவனுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பண்ணையில் தண்ணீர் லாரி ஓட்டும் அவள் கணவன் தண்ணீர் பம்புக்குப் பெட்ரோல் ஊற்றினான், பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பு அவன் முகத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனது. இடது புருவம் பாதி போயிற்று. அன்றிலிருந்து ஒரு வாரம் அவனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்க வைத்துப் பழக்கினாள்: நிறுத்து, ஆற விடு, இரும்பைத் தொடு, கேன் தரையில், வாளி பக்கத்தில், நாலு விரல் இடைவெளி. நின்ற இடத்திலேயே செய்து காட்டினாள். அவன் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் வரவில்லை. முதுகு வலி என்றான்.

இந்த மூன்று நாளும் பண்ணையில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவன் அவன் ஒருவன்தான். “ஒத்துக்கோ, முதலாளி மன்னிச்சுடுவாரு” என்று நேற்றுகூடத் தலையைத் தடவினான். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

“யாருக்கும் சொல்லிக் குடுக்கல சார்” என்றாள்.

துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அந்த ஆள் யாருன்னு தெரியலைன்னா, முதலாளிகிட்ட சாவி போன வழி தெரியாது. வழி தெரியலைன்னா பழி உங்க மேலதான் நிக்கும்.”

“நிக்கட்டும். எனக்குத் தெரியாது.”

“சரி.” துப்பறிவாளர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். “இதை முதலாளி எனக்குக் காலையிலயே குடுத்துட்டார். காட்ட வேண்டாம்னுதான் பார்த்தேன்.”

அவள் பிரித்தாள். கையெழுத்தைப் பார்த்ததுமே படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தாள்.

‘வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த மேற்படி வாகனத்தை, ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியளவில், மேற்படி மெக்கானிக் தன்னிச்சையாகவும் பேராசையினாலும் வெளியே ஓட்டிச் சென்றதை நான் என் இரு கண்களாலும் கண்டேன். மேற்படி மெக்கானிக் என் மனைவி என்றபோதிலும், பண்ணையின் மாண்பு கருதி இந்த உண்மையை உரைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.’

கீழே கையொப்பம். திங்கட்கிழமை தேதி. தலையைத் தடவியதற்கு இரண்டு நாள் முன்பு.

“தண்ணி லாரி ஓட்டறவர் வீட்ல இப்படித்தான் பேசுவாரா?” என்றார் துப்பறிவாளர்.

“மாண்புன்னா என்னன்னு அவருக்குத் தெரியாது.”

“அப்போ யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கார். யாருன்னு வாசனையே சொல்லுது. ஆனா எழுதினது அவர் கை.”

மேலே மேட்டில் தண்ணீர் லாரி இறங்கி வரும் சத்தம் கேட்டது. மெக்கானிக் காகிதத்தைத் திரும்ப நாலாக மடித்தாள். இருந்த மடிப்பிலேயே, ஓரம் பிசகாமல்.

“சொல்லிக் குடுத்திருக்கேன் சார்” என்றாள். “ஒருத்தருக்கு.”

லாரி வந்து நின்றது. கணவன் இறங்கினான். வழக்கம்போல் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், பீப்பாய்க்குப் பக்கத்தில் மூன்று பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றான். அவன் வலது பூட்ஸ் காய்ந்த தடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

“ஏங்க” என்றாள் அவள். “சாவியை எடுத்து யார்கிட்ட குடுத்தீங்க?”

“எந்தச் சாவி?”

“ஆணியில தொங்கற சாவி.”

அவன் துப்பறிவாளரைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான், கடைசியில் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். ஹோஸ் தோளிலிருந்து சரிந்தது.

“அவரே வந்து கேட்டாரு. முதலாளியே நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு, நான் என்ன பண்றது? உச்சிக்கு ஒரே ஒரு நடைன்னாரு. கல்வெட்டு ஒண்ணு கொண்டுபோய் நடணும், யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. நான் ஏத்தி விட்டேன், அவ்வளவுதான். கல்லு, சிமென்ட், மணல்னு ஒரு நடை நாலு நடை ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? பாதி வழியில கல்லு சரிஞ்சு விழுந்துடுச்சு, திரும்ப ஏத்தி... நாலு பேரு தூக்கற கல்லு, ரெண்டு பேரா பலகை போட்டு ஏத்தினோம். அவரு மிதிச்ச மிதியில வண்டி அலறுச்சு.”

“வண்டி அலறுச்சுன்னு தெரிஞ்சுதில்ல?”

“தெரிஞ்சுது.”

“என்கிட்ட சொல்லல.”

“சொன்னா நீ சண்டைக்குப் போவ. அவருக்குக் கோபம் வந்தா ரெண்டு பேருக்கும்தானே வேலை போகும். ஒருத்தர் வேலையாவது நிக்கட்டுமேன்னு பார்த்தேன். உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவர் சத்தியம் பண்ணாரு. பட்டறைப் பொறுப்பை எனக்குத் தர்றேன்னாரு. நானும் சம்பாதிச்சா நீ வீட்ல உட்காரலாம்ல? எத்தனை வருஷமா கை கருப்பா கெடக்கற...” குரல் தழைந்தது. பிறகு, பெரிய சமாதானம் ஒன்று ஞாபகம் வந்தது போல முகம் நிமிர்ந்தது. “ஆனா ஒண்ணு, பெட்ரோலை நீ சொன்ன மாதிரியேதான் ஊத்தினேன். அரை மணி நேரம் ஆற விட்டேன். கேனைத் தரையில வெச்சேன். இரும்பைத் தொட்டுட்டுத்தான் மூடியைத் தொட்டேன். நாலு விரல், ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீயே பாரு.”

அவன் அவளிடமிருந்து ஒரு ‘சபாஷ்’ எதிர்பார்த்து நின்றான்.

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அத்தான், நான் பார்த்த திருடனுங்கள்லயே இவ்வளவு பாதுகாப்பானவன் இவன்தான்.”

“நீ ஊத்தினது நல்லாத்தான் இருந்தது” என்றாள் மெக்கானிக். “அதனாலதான் எனக்குத் தெரியாமப் போச்சு.”

பதினாறு வருடத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அதுவே முதல் தடவை. அவனுக்கு அது காதில் விழுந்தது. சாவி போனதும் எஞ்சின் போனதும் உறைக்காத ஆளுக்கு அந்த ஒற்றை எழுத்து உறைத்தது.

முதலாளி தானாகவே வந்து சேர்ந்தார். கையில் அறிக்கை போல ஒரு தாள். தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். “இந்தப் பண்ணை நம்பிக்கைங்கற அஸ்திவாரத்து மேல நிக்கற ஒரு...”

“சார், பேசறதுக்கு முன்னாடி ஒரு உதவி” என்றார் துப்பறிவாளர். “வண்டியில ஒரு நிமிஷம் உட்காருங்க. போட்டோ ஒண்ணு எடுக்கணும். ஓட்டற மாதிரி.”

போட்டோ என்ற சொல்லுக்கு இருக்கும் வலிமையை அணுகுண்டோடுதான் ஒப்பிட வேண்டும். முதலாளி அடுத்த கணம் இருக்கையில் இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். பழக்க தோஷத்தில் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். மீசையின் வலது முனையை ஒதுக்கினார். இடது முனையை ஒதுக்கினார். எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி அவருக்கென்றே அளவெடுத்தது போல நின்றது.

“தெளிவா தெரியுதுங்களா?” என்றார் மச்சினன் மிகுந்த மரியாதையோடு.

“பளிச்சுனு...” முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது.

துப்பறிவாளர் அதற்குள் போனில் முதலாளியின் அக்காவைப் பிடித்திருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அம்மா, ஞாயித்துக்கிழமை வண்டியை ஓட்டினது உங்க தம்பி.”

“வேற யாரு ஓட்டுவா?” என்றது போன். “மூணு சக்கர சைக்கிளையே முறிச்சவன். என்னத்தை ஏத்தினான்?”

“ஒரு கல்வெட்டும்மா. மேட்டு உச்சியில நட்டிருக்கார்.”

“என்ன கல்வெட்டு? எனக்குத் தெரியாம?”

“அக்கா, அது ஒரு சின்ன ஆச்சரியமா...” என்று ஆரம்பித்தார் முதலாளி, வண்டியிலிருந்து இறங்க மறந்தவராக.

“அதுல என்ன எழுதியிருக்கு?”

துப்பறிவாளர் கணவனைப் பார்த்தார். யார் சொன்னதையும் அப்படியே செய்யும் அந்த மனிதன் இதையும் அப்படியே ஒப்பித்தான். “‘இந்தப் பண்ணையைத் தனி ஒருவனாக நிறுவி, தன்னந்தனியே வளர்த்த...’ அப்புறம் முதலாளி பேரு. பெரிய எழுத்துல.”

“தனி ஒருவனா?”

“ஆமாம்மா. ரெண்டு இடத்துல.”

போன் அதிர்ந்தது. “டேய்!” என்று ஆரம்பித்த அந்த உரை பத்து நிமிடம் ஓடியது. நிலம் யார் பெயரில் வாங்கியது, முதல் கன்று யார் கையால் நட்டது, அப்பா சாகும்போது யாரிடம் என்ன சொன்னார், சின்ன வயதில் யாருடைய பொம்மையை யார் கிணற்றில் போட்டது வரை எல்லாம் வரிசையாக வந்தன. முதலாளி கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். எங்கே திரும்பினாலும் அதில் அவரே இருந்தார்.

மெக்கானிக் நின்றுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“அம்மா, மெக்கானிக் விஷயம்?” என்று துப்பறிவாளர் நடுவில் புகுந்தார்.

“எந்த மெக்கானிக்? ஓ, அந்தப் பொண்ணா. அவ என்ன பண்ணா? ஒண்ணும் பண்ணலையே, வேலையைப் பார்க்கட்டும். அந்தக் கல்லை முதல்ல இறக்கச் சொல்லுங்க.”

“பொய்ச் சாட்சி எழுதின லாரி ஓட்டுநர்?”

“அதை அப்புறம் பார்க்கலாம். கல்லு!”

போன் நின்றது. மச்சினன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பாருங்கத்தான், சொந்த அக்கா பேரைக் கல்லுல விட்டதுக்கு என்ன பாட்டு. கட்டின பொண்டாட்டியைக் காயிதத்துல வித்ததுக்கு அரை வரி கூட இல்ல.”

துப்பறிவாளர் நோட்டைத் திறந்தார். மெக்கானிக்கிடம் தணிந்த குரலில் கேட்டார். “அறிக்கையில எல்லாத்தையும் எழுதணுமாம்மா? எழுதினா உங்க வீட்டுக்காரர் பேரும் வரும். வேணாம்னா, சாவி ஆணியில இருந்து எப்படியோ போச்சுன்னு முடிச்சுக்கலாம்.”

கணவன் அவளைப் பார்த்தான். பாதிப் புருவம் மேலேறி நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. இடது கையைத் துணியில் துடைத்தாள், விரல் விரலாக.

“எல்லாத்தையும் எழுதுங்க சார். வீட்டுக்காரர்னு மட்டும் எழுத வேண்டாம். மேற்படி லாரி ஓட்டுநர்னு போடுங்க.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டிலிருந்த ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் இருந்தன. அவை அவளுடையவை இல்லை. துப்பறிவாளரின் அறிக்கை பதினோரு பக்கம் வந்தது. கண்ணாடி, நாலு விரல் இடைவெளி, மணல் வாளி எல்லாம் படத்தோடு இருந்தன. முதலாளியின் அக்கா அதை முழுவதும் படித்து, தம்பி வண்டியைத் தொடக் கூடாது என்று தடை போட்டார். மெக்கானிக் மேல் குற்றம் இல்லை என்று ஒரு கடிதம் பண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

தண்ணீர் லாரி ஓட்ட வேறு ஆள் இல்லாததால், மேற்படி லாரி ஓட்டுநர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.